அக்கா வீட்டுக் கறுப்பு மணல்

பாறை பார்க்கிற வேலைக்கு முழங்கால் முக்கியம் என்று படிக்கிற காலத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. கண் வேண்டும், மூளை வேண்டும், பொறுமை வேண்டும் என்றெல்லாம் சொன்னார்கள். ஐம்பதைத் தாண்டிய பிறகு கண்ணுக்குக் கண்ணாடி இருக்கிறது, மூளை ஏதோ ஓடுகிறது, பொறுமை போன இடம் தெரியவில்லை. முழங்கால் மட்டும் ஒவ்வொரு கல்லைப் பற்றியும் தனக்கென்று ஒரு கருத்து வைத்திருக்கிறது. அன்று காலை கடல் உள்வாங்கிய நேரத்தில் கறுப்புப் பாறைத் தளத்தில் கால் வைத்ததுமே அது புலம்ப ஆரம்பித்துவிட்டது.

என்னோடு வந்தவர் மணல்காரர். எங்கள் அலுவலகத்தில் கல் என் பாடு, மணல் அவர் பாடு. நான் அவரை மணல்காரர் என்பேன், அவர் என்னைக் கல்லுக்காரம்மா என்பார். உங்க கல்லெல்லாம் கடைசியில என்கிட்டதான் வந்தாகணும் என்று பல வருடமாக ஒரே மாவை அரைத்துக்கொண்டிருக்கிறார். அது உண்மையும்கூட.

போன மழைக்காலத்தில் கடல் கரைச்சாலையைப் பாதி தின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் மேலே இருப்பவர்களுக்கு ஞானம் வந்தது. கரையோர வீடுகளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்து வரைபடத்தில் ஒரு கோடு போடச் சொன்னார்கள். பாறைமேல் நிற்கும் வீடு இருக்கலாம். இளகிய மண்மேல் நிற்கும் வீட்டைக் காலி செய்ய வேண்டும், ஊருக்குள் கட்டி முடித்திருக்கும் அடுக்குமாடியில் ஆளுக்கொரு வீடு தருவார்கள். கோடு போட வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். அந்தக் கோடு போகிற வழியில்தான் என் அக்காவின் வீடு இருந்தது.

இயக்குநரிடம் முன்னாலேயே சொன்னேன், அது என் சொந்த அக்கா வீடு, அந்தத் துண்டை நான் பார்ப்பது சரியில்லை என்று. அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், அந்தத் துண்டுக்கு மட்டும் மணல்காரர் கையெழுத்துப் போடட்டும், வேறு ஆளுக்கு நான் எங்கே போவேன் என்றார். ஆள் இல்லை என்பது உண்மை. எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்களின் நாற்காலிகள் தூசி படிந்து அப்படியே கிடக்கின்றன.

அதோடு, அந்த வீட்டைப் பற்றி எனக்குப் பெரிய கவலையும் இல்லை. பாறைமேல் கட்டின வீடு என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் பாடம். அத்தான் அதை வாங்கின நாளிலிருந்து, வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிடுவார். கீழ எரிமலைப் பாறை, இந்த வீட்டுக்கு அழிவே கிடையாது என்று காலால் தரையை ஒரு தட்டுத் தட்டிக் காட்டுவார். அவர் பள்ளிகளைச் சோதனை பார்க்கும் அதிகாரியாக இருந்தவர். அவர் சொன்னால் அதற்குமேல் பேச்சு கிடையாது.

இப்போது அத்தானுக்குப் பேச்சே கிடையாது. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. நாக்கில் ஒன்றிரண்டு சொல் மிஞ்சியிருக்கிறது, அதுவும் அவர் நினைக்கிற நேரத்துக்கு வராது. கடலைப் பார்த்த அறையில் கட்டிலில் கிடக்கிறார். அக்காதான் புரட்டிப் போடுவதும், துடைப்பதும், ஊட்டுவதும். வேலைக்காக நான் அவர்கள் வீட்டில் தங்கிய முதல் நாளே அக்கா என்னிடம் சொல்லிவிட்டாள்.

"இவரை இங்கேருந்து எங்கடி தூக்கிட்டுப் போவேன்? ஜன்னல் வழியா கடல் தெரியலேன்னா சாப்பாட்டைத் துப்பிடறார். பாறைன்னு எழுதிட்டுப் போயிடு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

பாறையைப் பாறை என்று எழுத எனக்கு என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு, சரி என்று தலையை ஆட்டினேன்.

பாறைத் தளத்தில் அன்று எங்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. விரிகுடாவின் வடக்கு முனையில் எரிமலைக் குழம்பு எப்போதோ வழிந்து கடலில் இறங்கி உறைந்திருக்கிறது. அடுப்பில் பொங்கின பால் வழிந்து காய்ந்த மாதிரி மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் கறுப்புக் கல். கல்லில் குமிழி குமிழியாக ஓட்டைகள். குழம்புக்குள் இருந்த காற்று வெளியேறப் பார்த்து மாட்டிக்கொண்ட இடங்கள் அவை. பல ஓட்டைகளில் பின்னால் ஊறின நீர் வெள்ளையாக ஏதோ தாதுவை நிரப்பி வைத்திருந்தது. சுத்தியலால் ஒரு மூலையை உடைத்தேன், லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பழக்கதோஷத்தில் நக்கியும் பார்த்தேன். கடற்கரையில் எதை நக்கினாலும் உப்புதான் என்று மணல்காரர் வழக்கம்போலச் சொன்னார்.

அவர் கரையில் குந்தி உட்கார்ந்து மணலை அடுக்கடுக்காக வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அடுக்கு வெளுத்த மணல், சிப்பிப் பொடி. அடுத்தது கறுப்பு. அலை திரும்பும்போது இலேசான மணலை அள்ளிக்கொண்டு, கனமான கறுப்பை விட்டுவிட்டுப் போகும். புயலுக்குப் புயல் அப்படி ஒரு கறுப்பு வரி விழுந்துவிடும். காந்தத்தை நீட்டினால் கறுப்பு மணி எல்லாம் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். மணி ஒவ்வொன்றும் உருண்டு, வழவழவென்று, மினுமினுப்பாக இருந்தது. கடலில் உருண்ட மணல் இப்படித்தான் இருக்கும் என்றார். இதைப் பல முறை சொல்லியிருக்கிறார். நானும் பல முறை கேட்டுக்கொண்டேன்.

அக்கா வீடு அந்தத் தளத்தை ஒட்டி, கொஞ்சம் உயரமான ஒரு கறுப்புத் திட்டின்மேல் இருக்கிறது. திட்டின் முகப்பும் கறுப்பு, அதிலும் குமிழி ஓட்டைகள், மேலே பாசியும் சிப்பியும் அப்பியிருந்தன. தளத்திலிருந்து கால் எடுத்து வைக்கிற தூரம்தான். மணல்காரர் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். காந்தத்தை வைத்துப் பார்த்தார், ஒட்டியது. அங்கேயும் எரிமலைப் பாறை என்று குறித்துக்கொண்டார். ஓட்டைகளில் வெள்ளைத் தாது ஒன்றுகூட இல்லை என்பது கண்ணில் பட்டது. அலை கழுவிக்கொண்டு போயிருக்கும் என்று நானே ஒரு காரணத்தையும் சொல்லிக்கொண்டேன். முழங்கால் அதற்குமேல் குனிய விடவில்லை.

மதியம் அக்கா மணல்காரரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். நாங்கள் போனபோது கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் கூட்டிக்கொண்டுதான் இருப்பாள். எங்கள் குடும்பத்தில் இது பழைய கேலி. அக்காவுக்குக் கூட்டத் தெரியாது, அவள் வீட்டுக்குப் போனால் பாயசத்திலும் மணல் கடிக்கும் என்று கல்யாண வீடுகளில் பேசிச் சிரிப்பார்கள். ஆரம்பித்து வைத்தவர் அத்தான். அலுவலகத்திலிருந்து வந்ததும் ஆட்காட்டி விரலால் மேஜையை ஒரு இழுப்பு இழுத்து, விரலைத் தூக்கிக் காட்டுவார். அதில் கறுப்பாகப் பொடி இருக்கும். திட்ட மாட்டார். விரலை மட்டும் காட்டிவிட்டு, அவள் துடைத்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருப்பார்.

ஜன்னல் இடுக்கை எல்லாம் அடைத்தாள். வாசலில் ஈரச் சாக்குப் போட்டாள். கடல் பக்கத்துக் கதவை ஆணி அடித்தே மூடினாள். மணல் நிற்கவில்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நிறைய வருகிறது என்று ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். மணலுக்கு நாள் நட்சத்திரம் எல்லாம் தெரியுமா என்று அத்தான் அதையும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

அன்றும் அவர் காட்டினார். நாங்கள் அறைக்குள் போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டபோது, பிழைத்திருந்த இடது கையை மெல்ல நகர்த்தி, கட்டிலோரத்து மருந்து மேஜையை விரலால் தடவி, அக்காவைப் பார்த்துத் தூக்கிக் காட்டினார். உடம்பில் பாதி போய்விட்டது, இது மட்டும் போகவில்லை. அக்கா முந்தானையால் அந்த விரலைத் துடைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. படுத்துக் கிடக்கிற மனிதரை என்ன சொல்வது என்று மென்று விழுங்கினேன்.

சாப்பிட்டுக் கை கழுவப் போன மணல்காரர் கொல்லைப்பக்கக் கதவருகே நின்றுவிட்டார். அக்கா கூட்டி அள்ளின குப்பை முறத்தில் அப்படியே இருந்தது. மனிதருக்கு மணலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. யார் வீட்டு மணல் என்றாலும் ஒரு சிட்டிகை எடுத்து லென்ஸில் பார்த்துவிடுவார். பேருந்து நிலையத்தில்கூடச் செய்திருக்கிறார், பக்கத்தில் நின்ற எனக்கு மானம் போயிருக்கிறது. அன்றும் எடுத்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு லென்ஸை நீட்டினார்.

முறத்தில் இருந்தது காலையில் பார்த்த மணல் இல்லை. ஒரு மணிகூட உருண்டை இல்லை. எல்லாம் கண்ணாடி உடைந்த மாதிரி கூர் கூராக, முனை மழுங்காமல் இருந்தது. சில மணிகளில் துரு பிடித்திருந்தது. கடல் பக்கமே போகாத மணல் அது. கரையிலிருந்து ஜன்னலைத் தாண்டிக் காற்றில் வந்த மணல் இப்படி இருக்க வழியே இல்லை. அப்படியானால் தரைக்குக் கீழிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

மணல்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் சாப்பிட வந்த எடத்துல குப்பையைக் கிளறல. நான் எதையும் பார்க்கல. நீங்க சொன்னா அப்படியே வெச்சுக்கலாம்."

நல்ல மனிதர். ஓய்வுக்குக் கொஞ்ச காலம் இருக்கிற நேரத்தில், எனக்காக ஒரு பொய்யைச் சுமக்கத் தயாராக நின்றார். உள்ளே அக்கா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும், அக்கா கேட்டது அவளுக்குக் கிடைத்துவிடும். அந்தச் சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அந்த அறையில் அவர்கள் இருவரும் தூங்குவார்கள் என்ற நினைப்பு அதை அங்கேயே நிறுத்தியது. கீழே போய் இன்னொரு முறை பார்த்துவிட்டு வரலாம் என்றேன்.

இந்த முறை முழங்காலின் பேச்சைக் கேட்கவில்லை. திட்டின் அடியில் குனிந்து, அலை அரித்து வைத்திருந்த இடுக்குக்குள் பாதி உடம்பை நுழைத்து, பாசியைச் சுரண்டிவிட்டு உடைத்தேன். உள்ளே பச்சையும் கறுப்புமாகக் கண்ணாடி பளபளத்தது. காலையில் நான் குனியாமல் விட்ட இடத்தில், கறுப்புக் கல்லுக்குள் பாதி முங்கினபடி ஒரு செங்கல் துண்டு இருந்தது. அதன் ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது.

எந்த எரிமலையும் செங்கல்லை விழுங்கிவிட்டு வந்து உறைவதில்லை. அது உலைக் கசடு. முனைக்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் இரும்பு உருக்கும் ஆலை இருந்ததென்றும் அது நாங்கள் எல்லோரும் பிறப்பதற்கு முன்பே மூடப்பட்டதென்றும் கேள்விப்பட்டிருந்தேன். இரும்பை எடுத்தபின் மிஞ்சின கசடைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து கரைப்பள்ளத்தில் கொட்டியிருக்கிறார்கள். அதுவும் குமிழி விட்டு, மடிப்பு மடிப்பாக வழிந்து, எரிமலைப் பாறையோடு ஒட்டி உறைந்துவிட்டது. உண்மையான எரிமலைக் கல் பக்கத்திலேயே இல்லாவிட்டால் நாங்கள் சந்தேகப்பட்டிருப்போம். பாறை படித்தவர்கள்தான் இப்படி ஏமாற முடியும், வேறு யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

மணல்காரர் இடுக்குக்குள் டார்ச் அடித்தார். வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. மேலே ஓடு மாதிரி கெட்டியான கசடு, அதன் அடியில் பொடியும் சில்லுமாகக் கிடந்ததைக் கடல் அரித்து எடுத்துவிட்டிருந்தது. அக்காவின் வீடு ஒரு மூடிமேல் உட்கார்ந்திருந்தது. அலை உள்ளே புகும்போது அடைபட்ட காற்று மேலே அமுங்கி, மிச்சமிருக்கும் பொடியைத் தரை விரிசல் வழியாக ஊதுகிறது. கடல் ஏறுகிற அமாவாசை பௌர்ணமியில் இன்னும் பலமாக ஊதும். அதை மணல்காரர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் காதில் அக்காவின் பேச்சுதான் கேட்டது.

மேலே ஏறி வர எனக்கு வெகு நேரம் ஆனது. வழியில் என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து ஒன்றும் வரவில்லை. இத்தனை வருடம் எத்தனையோ பேரிடம் உங்கள் கிணறு ஊறாது, உங்கள் மலை சரியும் என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் யாரும் எனக்குத் தலை பின்னிவிட்டவர்கள் இல்லை. மணல்காரர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

அக்கா சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாறை இல்லை, கசடு. கீழே வெற்றிடம். இந்த மழைக்கு முன்னால் காலி செய்தாக வேண்டும். பாறை என்று எழுத முடியாது, என்னால் முடியாது, மன்னித்துவிடு. அவள் டீயை வடிகட்டிக்கொண்டே கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் களைப்புக்கு மேல் இன்னொரு கவலை உட்கார இடமில்லாமல் இருந்தது போலிருந்தது. அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவள் வேறொன்றைக் கேட்டாள்.

"மணலு?"

எனக்குப் புரியவில்லை.

"வீட்டுக்குள்ள வருதே, அந்த மணல். அது எங்கேருந்து வருதுன்னு சொன்னே?"

"கீழேருந்துக்கா. தரை விரிசல்ல. வெளியேருந்து ஒரு மணிகூட வரல. கூட்டக் கூட்ட வந்துக்கிட்டேதான் இருக்கும். யார் கூட்டினாலும் நிக்காது."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு நேராக அத்தானின் அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அத்தான் விழித்துத்தான் இருந்தார். அவளைப் பார்த்ததும் இடது கை தானாக மேஜைப் பக்கம் நகர்ந்தது. விரலால் தடவி, வழக்கம்போலத் தூக்கிக் காட்டினார்.

அக்கா இந்த முறை துடைத்துவிடவில்லை. முறத்தை மடியில் வைத்துக் கட்டிலோரம் உட்கார்ந்து, அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க. இது வெளியேருந்து வந்த மணல் இல்லையாம். தரைக்குக் கீழேருந்து வருதாம். கீழ பாறையே இல்லையாம். இவ பார்த்துட்டு வந்து சொல்றா." குரல் உயரவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நான் நல்லாத்தான் கூட்டியிருக்கேன். முதல் நாள்லேருந்தே நல்லாத்தான் கூட்டியிருக்கேன்."

அத்தான் என்னைப் பார்த்தார். இல்லை என்று நான் சொல்லிவிட வேண்டும் என்று அந்தக் கண் கெஞ்சியது. பாறை போனது அவரை எவ்வளவு இடித்தது, அக்கா சொன்னது எவ்வளவு இடித்தது, எனக்குத் தெரியாது.

"ஆமா அத்தான்," என்றேன்.

அவர் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவின் பிடியிலிருந்து விரலை உருவி, தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். அதற்கு அவருக்கு வெகு சிரமமாக இருந்தது. அக்கா உதவி செய்யவில்லை.

பிறகு அக்கா ஜன்னலோரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் பகலில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் டீயைக் கொண்டுவந்து கொடுத்தேன், வாசலில் நின்ற மணல்காரருக்கும் ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் டீயை ஆற வைத்துக் குடித்தாள். அடுக்குமாடியில் எத்தனையாவது மாடி கொடுப்பார்கள் என்று கேட்டாள். மூன்றாவது கேட்டு வாங்கலாம், லிப்ட் இருக்கிறது, சக்கர நாற்காலி போகும், தூரத்தில் ஒரு கீற்றாகக் கடல்கூடத் தெரியும் என்றேன்.

"அங்க தரைக்குக் கீழ என்ன இருக்கும்?"

"ரெண்டாவது மாடிக்காரங்க இருப்பாங்க."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நாற்காலியிலேயே தலையைச் சாய்த்தாள், சற்று நேரத்தில் வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போனாள். கீழே அலை ஏறிக்கொண்டிருந்தது. தரை விரிசலருகே கறுப்புப் பொடி கோலம் போட்ட மாதிரி மெல்லச் சேர்ந்தது. அத்தான் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அன்று அந்த வீட்டை மறுபடி யாரும் கூட்டவில்லை.